மறு காது

என் மகன் குமரனுக்கும், அவனோடு செனாவாங்கில் பாய்லர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் என் மகள் தேவி திருத்திக் கொடுப்பாள். திருத்தும்போது அவளும் படித்த மாதிரி ஆகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவி உனக்குப் போன் பண்ணினாள். கையில் பிள்ளை இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்து வச்சிருக்கோம். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு, நம்ம ரந்தாவ் கோயில்லதான். நீதான் மாமன். உன் மடியிலதான் உக்கார வைக்கணும்."

நீ சொன்னாய்: "ஷிப்ட் பாத்துட்டுச் சொல்றேன்மா."

"சரிண்ணே" என்று அவள் வைத்துவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் அதற்கப்புறம் அங்கே உட்கார முடியவில்லை. நீ சொன்னது என் வார்த்தை குமரா. அதே வார்த்தையை, அதே இழுப்போடு, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கெமாஸில் உன் சரசு அத்தையிடம் நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கும் தேவிக்கும் இதுவரை சொன்னதில்லை. உனக்கு அப்போது மூன்று வயது. தேவி பிறக்கவில்லை.

நான் ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பரீட்சை எழுதி டிக்கெட் எடுத்த ஆள் பக்கத்தில் இல்லாமல் பாய்லர் ஓடக்கூடாது. அதுதான் சட்டம். அடுத்த ஷிப்ட்காரர் வந்து நிற்கிற வரைக்கும் நாம் நகர முடியாது. பழம் அதிகமாக வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடும்.

எனக்கு அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர் பாக் மான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மலாய்க்காரர், நல்ல மனிதர். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் பாசார் சந்தையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பார். மேசை, குடை, பாத்திரம் எல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் பாக் மான் வேலைக்கு வர முடியும். காலை ஏழு மணிக்கு வரவேண்டியவர் எட்டு மணிக்கு வருவார். முதல் தடவை ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். "தாக் அப்பா லா, நான் இருக்கேன்ல" என்று சொன்னேன். பரவாயில்லை என்று நானே சொன்னதால் அது பழக்கமாகிவிட்டது. ஒரு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி எட்டு மணியாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. மூன்று வருஷமாக நான் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. மானேஜர் என்னைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார்.

சரசுவுக்குத் தாய்வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லை. அவளைக் கெமாஸில் ஒரு ரயில்வே குடும்பத்தில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமானவர், தன் அம்மா முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அவள் வளைகாப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றைக்குப் போகவே இல்லை. இரண்டுக்கும் காரணம் ஷிப்ட்தான். "ஒரே ஒரு அண்ணன், அவனும் பாய்லரைக் கட்டிக்கிட்டவன்" என்று அவள் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்களாம். சரசு அதை என்னிடம் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து காது குத்து வைத்தார்கள். உங்கள் அத்தை மகள் மாலதியைத்தான் சொல்கிறேன். சரசு ஆலை ஆபீசுக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டு வரச் சொன்னாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒன்பதரையிலேருந்து பத்தரைக்குள்ள. இந்த ஒரு தடவை வந்துருண்ணே. மத்ததுக்கெல்லாம் நீ வரலன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"வந்துருவேம்மா. ஏழு மணிக்கு முடியுது. ஒன்பதரைக்குக் கோயில்ல நிப்பேன்."

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அது செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மானேஜரிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டிருக்கலாம். காது குத்துக்கெல்லாம் லீவா என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை. சரி, பாக் மானிடமாவது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும்போது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை நாள் காத்திருந்ததற்குப் பதில் கேட்கிறேன் என்று நினைப்பாரே, செய்த உதவியைச் சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த ஞாயிறு அவர் சரியாக ஏழுக்கு வந்துவிடுவார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமையே உங்கள் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு, தோடு, பட்டுப் பாவாடை, பழத்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு கெமாஸுக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றேன். ஏழு பத்து ஆயிற்று. ஏழு இருபதும் ஆயிற்று. கேட் பக்கம் யாரையும் காணோம்.

அடுப்புப் பார்க்கிற மணியம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டிக்கெட் கிடையாது.

"என்னய்யா மாப்பிள்ளை மாதிரி நிக்கிற?"

சொன்னேன். மணியம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி புள்ளைக்குக் காது குத்துன்னு இப்பதான் சொல்றியா? கெளம்புய்யா. அவன் எட்டு மணிக்கு வந்துருவான். அது வரைக்கும் தண்ணிக் கண்ணாடிய நான் பாத்துக்க மாட்டேனா? பத்து வருஷமா அதோட மூஞ்சியிலதான் முழிக்கிறேன்."

போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். மோட்டாரை உதைத்துக் கிளப்பி, காவலுக்கு நின்ற ஜாகாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் விசில் கத்தியது. தண்ணீர் குறைந்தால் கத்துகிற விசில். தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடிக்கும்.

மோட்டாரைத் திருப்பி, கேட்டுக்கு உள்ளேயே கீழே போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் பம்ப் நின்றிருந்தது. அளவு காட்டும் கண்ணாடியில் அடியில் ஒரு விரல் தண்ணீர் தெரிந்தது. மணியம் அண்ணன் அங்கே இல்லை. விசில் கேட்டதும் அவர் என்னைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடியிருக்கிறார். நான் போனதை மறந்துவிட்டார். விசில் கேட்டால் என்னைக் கூப்பிடுவதுதான் பத்து வருஷமாக அவருக்குப் பழக்கம்.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பது டிக்கெட் பரீட்சைக்கு நீங்கள் படித்ததுதான். அதை எழுதவில்லை. தண்ணீர் திரும்ப ஏறி நின்றபோது என் சட்டை முழுக்கக் கரி. ஆலைக்குள் அந்த நேரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வயதிலும் சில நாள் நினைப்பு வரும். வந்தால் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவேன்.

பாக் மான் எட்டு ஐந்துக்கு வந்தார். கையில் எனக்கென்று ஒரு பொட்டலம் நாசி லெமாக். சிரித்துக்கொண்டே வந்தவர் என் சட்டையைப் பார்த்து நின்றார். மணியம் அண்ணன் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டார்.

பாக் மான் என்னைப் பார்த்து, "கெனாப்பா தாக் சாகாப்?" என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை என்று. அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதற்கப்புறம் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ஒரு வருஷமா எனக்காக நின்ன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறு மணிக்கே வந்திருப்பேன். மேசைய என் பொண்டாட்டியே இறக்கியிருப்பா. கேட்டா வரமாட்டான்னு என்னை நெனச்சியா? நான் உனக்கு யாரு?"

நான் அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு நல்லது செய்ய அவருக்கு ஒரு நாளும் இடம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொட்டலத்தை என் பையில் திணித்து, "போ, போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

குவாலா பிலா, பகாவ் வழியாக மோட்டாரில் இரண்டரை மணி நேரம். எங்கேயும் நிற்கவில்லை. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால் தாண்டியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரசுவின் மாமியார்தான் முதலில் பார்த்தார்கள். "வாங்க தம்பி. பாய்லர் அனுப்பிருச்சா?"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி செய்தேன்.

சரசு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வலது காதில் தோடு இருந்தது, சுற்றிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். இடது காதில் ஒன்றும் இல்லை. எனக்குப் புரியவில்லை. உங்கள் அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். பத்து மணி வரைக்கும் எல்லோரும் வாசலையே பார்த்திருக்கிறார்கள். ஆசாரிக்கு வேறு இடத்தில் வேலை. நேரம் போகிறது என்று மாமியார் பிள்ளையை வாங்கித் தன் மூத்த மருமகன் மடியில் உட்கார வைத்துவிட்டார்கள். வலது காது குத்தியாகிவிட்டது. இடது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுபோனபோது சரசு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாளாம்.

"மறு காது எங்கண்ணன் மடியிலதான்னு சொல்லிட்டா. அத்தனை பேரு முன்னாடி. பாதிக் காதோட புள்ளைய வச்சிருந்தா ஆகாதுன்னு அந்தம்மா கத்துறாங்க, இவ அசையல. உங்களுக்காகத்தான் அப்படி நின்னா. நீங்க எங்க இருந்தீங்க?"

உங்கள் அம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

சரசு அழவில்லை. இலை போட்டு, எனக்குச் சாப்பாடு வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "மறு காது இருக்குண்ணே. நாளு நீ சொல்லு. நீ சொல்ற அன்னைக்கு வச்சுக்கிறேன்" என்றாள்.

கரியோடு அந்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "ஷிப்ட் பாத்துட்டுச் சொல்றேன்மா."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை காத்திருந்தபோதும் அவள் விடாத நம்பிக்கையை அப்போது விட்டுவிட்டாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு ரயிலில் உன்னையும் உன் அம்மாவையும் ஏற்றிவிட்டு, மோட்டாரில் தனியாகத் திரும்பி வந்தேன். காலையில் போகும்போது, பாய்லரா தங்கையா என்று இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்ததே என்று என்மேலேயே பரிதாபப்பட்டுக்கொண்டு போனேன். வரும்போதுதான் தெளிந்தது. ஏழரை மணிக்கு என் முன்னால் நல்ல வழி என்று ஒன்று கிடையாது. போனாலும் தப்பு, நின்றாலும் தப்பு. நல்ல வழி வெள்ளிக்கிழமை இருந்தது. அதை நான் மழையைப் பற்றிப் பேசி விட்டுவிட்டேன்.

மறுநாள் மானேஜர் அறைக்குப் போனேன். லீவு பாரத்தை நீட்டினேன்.

"என்ன விஷயம்?"

"காது குத்து சார். தங்கச்சி மகளுக்கு."

"அது நேத்துன்னுல்ல மணியம் சொன்னான்?"

"நேத்து ஒரு காது சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டைத் தாண்டிப் போனதையும் சொன்னேன். அதை மணியம் அண்ணன் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் பாய்லரை விட்டுப் போனதை மறைத்துக்கொண்டு லீவு கேட்க எனக்கு முகம் இல்லை. டிக்கெட் போனாலும் போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு வார்னிங் லெட்டர் அடிக்கச் சொன்னார். அதில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த லெட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, லீவு பாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். "இதை முதல்லயே கேட்டிருந்தா அந்த லெட்டர் இல்லையே" என்றார். அந்த லெட்டரின் நகல் இன்னும் என் பச்சைப் பெட்டியில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அங்கேயே கிராணியின் போனில் கெமாஸுக்குப் பேசினேன். "சரசு, வர்ற மாசம் மொத புதன்கிழமை. லீவு போட்டாச்சு." அவள், "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

லீவு போட்டிருந்ததால் அந்தப் புதன்கிழமை எனக்கு வேலையே கிடையாது. இருந்தாலும் பாக் மான் ஆறு மணிக்கே என் வீட்டு வாசலில் வந்து, நான் கிளம்புகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் ஆலைக்குப் போனார். கெமாஸில் முதல் ஆசாரி கிடைக்கவில்லை, வேறு ஒருவர் வந்தார். மாலதியை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் காது குத்தும்போது ஊரைக் கூட்டினவள், என் மடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் தொடைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, கொஞ்சம் ஆடாம இருங்க" என்று ஆசாரி இரண்டு தடவை சொன்னார். துளை கொஞ்சம் இறங்கிப்போய்விட்டது.

மாலதியின் இடது தோடு ஏன் சரிந்து தொங்குகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து கேலி பண்ணுகிறீர்களே, அது இதுதான். அவளுக்குத் தெரியும், அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று.

அதற்கப்புறம் பாய்லர் அறையில் மளிகைக்கடைக் காலண்டர் ஒன்றை மாட்டினோம். வீட்டுக் காரியம் எதுவாக இருந்தாலும், தேதி தெரிந்த அன்றைக்கே அதில் எழுதிவிடுவது. பாக் மான் மகள் குரான் ஓதி முடிக்கிற நாள், மணியம் அண்ணன் வீட்டு முனியாண்டி படையல், உன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எல்லாம் அதில் இருந்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே நாளில் இரண்டு பேருக்குக் காரியம் வந்து, நான் விட்டுக் கொடுத்ததும் உண்டு. உன் நான்காம் வகுப்பு ஓட்டப்பந்தயம் அப்படிப் போனதுதான். ஆனால் அதை முந்தின வாரமே உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ அழுதாய், இருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அது வேறு, இது வேறு.

குமரா, உனக்கு அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிற பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. அவன் பெயரைக்கூட நீ சொன்னதில்லை. நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். அவனுக்காக நீ எத்தனை நாள் நின்றிருக்கிறாயோ, அதை அவனிடம் பேசாதே. காது குத்து என்று மட்டும் சொல். தேதியைச் சொல். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் மழையைப் பற்றிப் பேசிய அந்த வெள்ளிக்கிழமையில்தான் நீ இப்போது நிற்கிறாய்.

அவனிடம் சொன்ன கையோடு தேவிக்குப் போன் பண்ணு. பிள்ளையின் இரண்டு காதும் ஒரே நாளில், உன் ஒரே மடியில் குத்தட்டும். தொடை நடுங்கினால் பரவாயில்லை.